பெட்டி வைத்த மோட்டார்

அத்தியாயம் பதினொன்று

மழை பெய்து நாலு நாளாகிவிட்டது. சந்திரமதிக்கு இன்னும் முதுகு ஈரமாக இருப்பது போலவே தோன்றியது.

புதன்கிழமை பக்கத்து ஊரான செங்கில் ஒரு கல்யாணம். மைக்செட்டை ஏற்றிப் போக வருகிறேன் என்ற லாரிக்காரன் வரவே இல்லை. திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷா இரண்டைப் பிடித்து ஒலிபெருக்கிக் குழாய்களையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் தகப்பனார் ஒரு வார்த்தை பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆம்ப்ளிஃபையரின் மேல் முந்தானையைப் போர்த்தி, அதன் மேல் தானே கவிழ்ந்துகொண்டு, வீடு இருக்கும் காஜா பெராங் வரைக்கும் நனைந்தபடி வந்தாள்.

கணவன் ஜெயபாலன் நெஞ்சு நோயில் போய் இரண்டரை வருடம். பிள்ளை இல்லை. அவன் விட்டுப் போனவை இரண்டு. ஒன்று, சாலையோரத்து மைக்செட் கடை. இன்னொன்று, ஐம்பத்திரண்டு வயதான அவனுடைய அக்கா பொன்னம்மா. கல்யாணமான மூன்றாம் வருடமே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். இப்போது அந்த வீட்டில் தம்பியும் இல்லை. நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் மட்டும்தான்.

அன்று நனைந்த ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துத் துடைத்துக் காய வைத்தவன் கருணாகரன். பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். ஜெயபாலனின் சிநேகிதன். கடைசித் திருகாணியை முறுக்கும்போது, "இனிமே நீங்க தனியா..." என்று ஆரம்பித்தான். உள்ளே அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மலாய் நாட்டுச் சுதந்திர விழாக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி இரவும் முப்பத்தோராம் தேதி காலையும் ஊரில் நாலு இடத்தில் குழாய் கட்ட வேண்டும். நாடே விழித்திருந்து கேட்கப் போகிற நேரம். "சொந்த வண்டி இருக்கா அம்மா? செங் கல்யாணத்து விஷயம் எங்க காதுக்கும் வந்துச்சு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. இல்லாட்டி வேற ஆளைப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

"இன்னைக்கு வாங்கினாத்தான் உண்டு. நாளன்னைக்கு ஆடி பொறந்துடும்" என்றாள் பொன்னம்மா, கொண்டையை முடிந்துகொண்டே. "ஆடியில வண்டி வாங்கி, அதுல ஏறி நீ எங்கேயாவது விழுந்து தொலைச்சா?"

"நீங்களும் வர்றீங்களா அண்ணி?"

"பின்னே? நீயும் கருணாவும் ஜோடியாப் போய் வண்டி பார்த்தா ஊரு சும்மா இருக்குமா?" கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி சொன்னதால் அவள் கோபமாகச் சொன்னாளா, வேடிக்கையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

சந்திரமதி பீரோவைத் திறந்து முன்னூறு வெள்ளிப் பணத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"முதலாளியம்மா ரெடியா?"

ஜெயபாலன் இருந்தவரை அவன் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையை அவள் நடத்த ஆரம்பித்ததும் விளையாட்டாக 'முதலாளியம்மா' என்றான். அதுவே நிலைத்துவிட்டது.

சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் நடந்தார்கள். பொன்னம்மா நடுவில்.

* * *

அப்பாசாமியின் பழைய வண்டிக் கொட்டகை புங்கா ராயா பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பழைய கார், தகரம் பெயர்ந்த ஒரு வேன், ஏழெட்டு மோட்டார் சைக்கிள். வேனின் விலையைக் கேட்டதும் பொன்னம்மா, "அதுக்கு ஒரு வீடே வாங்கலாம்" என்று சொல்லி அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்களுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார் அப்பாசாமி.

சிவப்புப் பெயிண்டில் பளபளவென்று நின்றது அந்த மோட்டார் சைக்கிள். அதன் இடது பக்கம் ஒரு பெட்டி. படகு மாதிரி முனை கூம்பி, தனிச் சக்கரம் வைத்து, உள்ளே ஓர் ஆள் உட்கார இருக்கையோடு. சைட்கார் வைத்த மோட்டார். குழாயையும் பேட்டரியையும் அந்தப் பெட்டியில் வைத்துக் கட்டினால் மழைக்கு மேலே ஒரு படுதா போட்டுக்கொள்ளலாம். சந்திரமதியின் கண் அதிலேயே நின்றது.

"வேலைக்கா, உல்லாசத்துக்கா?" என்று கேட்டார் அப்பாசாமி.

"வேலைக்கு" என்றாள் சந்திரமதி.

"ரெண்டுக்கும்" என்றாள் பொன்னம்மா பின்னாலிருந்து.

கருணாகரன் சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முன் டயரை விரலால் தடவினான். ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. பிறகு சந்திரமதியிடம், "நீங்களே உதைச்சு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான்.

"நானா?"

"வாரத்துல ஆறு நாள் நான் பட்டறையில இருப்பேன். ஓட்டப் போறது யாரு? ஒரு மாசத்துல கத்துக்கலாம். பெட்டி இருக்கிறதால வண்டி சாயாது. ஆனா ஸ்டார்ட் பண்ண உங்க காலுக்கு முடியணும்."

கொட்டகையில் நின்ற இரண்டு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சந்திரமதி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மிதியில் கால் வைத்து ஓங்கி உதைத்தாள். இஞ்சின் ஒரு முறை உறுமியது. மிதி எகிறித் திரும்பி வந்து அவளுடைய கெண்டைக்காலில் அடித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இது முன்கோபக்கார வண்டி" என்றான் கருணாகரன். மண்டியிட்டு, பெட்டியையும் வண்டியையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பை எட்டிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து அங்கே சுரண்டினான். சிவப்புப் பெயிண்ட் உதிர்ந்தது. அடியில் வெல்டிங் வைத்த தழும்பு. தழும்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"கருணா, நீ பஸ்ஸைப் பார்க்கிற கண்ணால இதைப் பார்க்கிறே" என்றார் அப்பாசாமி. "சரி, வேணாம். எல்லாம் தெரிஞ்சவன் நீ. இருநூத்து எண்பதுக்கு எடுத்துக்க. இன்னைக்கே கிராண்ட் பத்திரத்தைப் பேர் மாத்திக் கொடுத்துடறேன்."

சந்திரமதியின் கை இடுப்புக்குப் போனது. இருநூற்றெண்பது! மிச்சத்தில் பேட்டரிக்குப் புதுக் கம்பி வாங்கிவிடலாம். நாளைக்குக் காலையில் கமிட்டி ஆபீஸ் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தலாம்.

"எடுத்துக்கலாம்" என்றாள்.

"வேணாம்" என்றான் கருணாகரன்.

"விரிசல்தானே? நீங்க பட்டறையில வச்சுச் சரி பண்ணிட மாட்டீங்களா?"

"ஒட்டின இடத்துலயே திரும்பவும் விட்டிருக்கு. பாரத்தோட ஒரு பள்ளத்துல இறங்கினா பெட்டி தனியா, வண்டி தனியாப் போயிடும். இது வேணாம்."

"நாளைக்குத் திங்கக்கிழமை. என்கிட்ட வேற வண்டி இல்ல. வேற காசும் இல்ல."

"அதுக்காக உயிரை..."

"என் கடை, என் காசு. வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. அப்பாசாமி தலையைக் குனிந்து ஏதோ சாவியைத் தேடினார்.

கருணாகரன் காசைச் சட்டைப் பையில் போட்டான். கைகளைத் துடைத்துக்கொண்டான்.

"யாருமில்லதான்" என்றான். "ஆனா இதை வாங்கினீங்கன்னா நான் தொட மாட்டேன். தொட்டு ஓட்டிக் காட்டினேன்னா, நல்ல வண்டின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

பொன்னம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சந்திரமதியின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வா. வெயில் ஏறுது."

* * *

திரும்பும்போதும் பொன்னம்மாதான் நடுவில். சந்திரமதிக்குக் கெண்டைக்கால் விண்விண்ணென்று வலித்தது. அவள் நொண்டாமல் நடக்கப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் கருணாகரன் பொன்னம்மாவிடம். சந்திரமதியைப் பார்க்கவில்லை. "கம்போங் செட்டியில. கணபதின்னு ஒருத்தர். எங்க கண்டக்டர் சொன்னாரு. பட்டாளத்துல இருந்து ஏலத்துல எடுத்த வண்டி. பழசு. ரொம்ப மெதுவா ஓடும். அதனாலதான் முதல்ல சொல்லலை."

"நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு ஊரெல்லாம் சுத்த வச்சியே!" என்றாள் பொன்னம்மா.

கம்போங் செட்டி அவர்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே உள்ளவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள்தான். பேச்சு மட்டும் மலாய். தலைமுறை தலைமுறையாக அப்படி.

"மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டார் கணபதி. அறுபதைத் தாண்டியவர். பேசும்போது ஆளைப் பார்க்காமல் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. நில அளவை ஆபீசில் வேலை பார்த்தவர். அளவுக் கம்பும் சங்கிலியும் வாரம் முழுக்கப் பெட்டியில் போகும், ஞாயிற்றுக்கிழமையானால் அதே பெட்டியில் பெண்டாட்டியை உட்கார வைத்துக் கடற்கரைக்குப் போவேன் என்று மலாயில் சொன்னார். இனி ஓட்ட முடியாது.

வண்டி வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சார்ப்பில் நின்றது. பட்டாளத்துப் பச்சையின் மேல் யாரோ வீட்டுப் பெயிண்டால் கருநீலம் பூசியிருந்தார்கள். பெட்டியின் ஓரம் நசுங்கியிருந்தது. இருக்கையில் பூப்போட்ட துணியில் தைத்த மெத்தை.

கருணாகரன் அதே போல ஒரு சுற்றுச் சுற்றினான். மண்டியிட்டான். காசால் சுரண்டினான். ஒரு தழும்பும் இல்லை. சங்கிலியை இழுத்துப் பார்த்தான். எண்ணெய்க் குச்சியை எடுத்து மோந்து பார்த்தான். கடைசியில் ஹேண்டிலில் இருந்த ஒரு சின்னப் பிடியைச் சந்திரமதிக்குக் காட்டினான்.

"இதை அமுக்கிக்கிட்டு மெதுவா மிதிச்சு இறக்குங்க. உள்ளே இருக்கிற காத்து வெளியே போயிடும். அப்புறம் விட்டுட்டு உதைங்க. திருப்பி அடிக்காது."

"திருப்பி அடிச்சா?"

"இது அடிக்காது."

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு இருமியது. மூன்றாவதுக்கு இஞ்சின் பிடித்துக்கொண்டது. டப்... டப்... டப்... என்று, அவசரமே இல்லாமல். சந்திரமதி கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கவில்லை. அந்த அதிர்வு உள்ளங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஏறியது. அவளை அறியாமல் சிரித்துவிட்டாள். நிமிர்ந்தபோது கருணாகரன் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே திரும்பிக்கொண்டான்.

"பாரம் ஏத்தி ஓட்டிப் பார்க்கணும்" என்றான். "ரெண்டு கல்லை எடுத்து வைக்கலாமா?"

"கல்லு எதுக்கு? நான் இல்ல?" என்ற பொன்னம்மா, யாரும் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் கால் வைத்துவிட்டாள்.

"அண்ணி!"

"நீ ஏறினா ஊரு பேசும். நான் ஏறினா என்ன பேசப் போகுது? கெழவி வண்டியில போறாம்பாங்க. போப்பா கருணா."

"பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பொன்னம்மா பெட்டியின் இரண்டு ஓரத்தையும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். முகம் மட்டும் மாறாமல், பூஜைக்கு உட்கார்ந்தவள் மாதிரி, வீதி திரும்பி மறைந்தாள்.

* * *

பத்து நிமிடம் அரை மணியானது.

கணபதியின் மனைவி சீதா, கெபாயாச் சட்டையும் சரோங் கைலியும் உடுத்திய ஒடிசலான அம்மாள், காப்பியும் வாழை இலையில் சுற்றிய பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். சந்திரமதி ஒரு வாய் குடித்தாள். அதன் பிறகு காப்பி ஆறிப்போனது.

முக்கால் மணி.

சாலையில் ஒவ்வொரு முறை வண்டிச் சத்தம் கேட்கும்போதும் அவள் எழுந்து வேலிக்கு வந்தாள். ஒரு பஸ். ஒரு போலீஸ் ஜீப். ஐஸ்காரன். அந்த டப்... டப்... மட்டும் வரவில்லை.

ஜெயபாலனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் இதே போலத்தான் வாசலில் நின்றாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவோம் என்றுதான் அன்றும் சொன்னார்கள்.

அவள் மனம் கண்டதையெல்லாம் காட்டியது. பள்ளம். லாரி. கவிழ்ந்த பெட்டி. சாலையோரத்தில் யாரோ கிடக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்க்கிறாள். கருணாகரன்.

சந்திரமதி திடுக்கிட்டாள். பெட்டியில் இருப்பது அண்ணி. பதினேழு வருடமாக ஒரே அடுக்களையில் கூட நின்றவள். ஜுரத்தில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள். அவளுடைய முகம் வருவதற்கு முன்னால் இவனுடைய முகம் ஏன் வந்தது? வெட்கமும் பயமும் ஒன்றாக வந்து அவள் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். 'நீங்க யாரு' என்று நாலு பேர் நடுவில் கேட்டது ஞாபகம் வந்தது. அதற்கு அவன் சொன்ன பதிலும்.

சீதா பக்கத்தில் வந்து நின்றாள். என் புருஷனும் இப்படித்தான், பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு இருட்டிய பிறகு வருவார் என்று மலாயில் சொன்னாள். பிறகு சற்று யோசித்து, "உன் புருஷனா?" என்று கேட்டாள்.

மலாயில் ஒரே வார்த்தையில் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். சந்திரமதி அதைச் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

ஒன்றேகால் மணி கழித்து அந்தச் சத்தம் வந்தது.

வண்டி வேலியோரம் நின்றது. பொன்னம்மாவின் கொண்டை அவிழ்ந்து நரைத்த கூந்தல் தோளில் கிடந்தது. முகமெல்லாம் செம்மண் தூசி. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஏரோப்ளேன் பார்த்தோம்டி!" என்றாள். "பத்து பெரெண்டாம் ஏரோட்ரோம் வரைக்கும் போனோம். நான்தான் போகச் சொன்னேன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அது. தலைக்கு மேல அப்படியே இறங்குது சந்திரா! நான் காதைப் பொத்திக்கிட்டுக் கத்திட்டேன்!"

சந்திரமதி அவளைப் பார்த்தாள். பிறகு கருணாகரனைப் பார்த்தாள்.

"ஒண்ணேகால் மணி நேரம்! ஒரு ஆளு இங்க நின்னுக்கிட்டு இருக்காளேன்னு நினைப்பு வேணாமா? நான் என்னென்னவோ... நான்..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருணாகரன் இஞ்சினை நிறுத்தினான். இறங்கிக் கிட்டே வந்தான்.

"பயந்துட்டியா சந்திரா?"

முதலாளியம்மா இல்லை. நீங்க இல்லை. அவனுக்கே அது உறைத்திருக்க வேண்டும். காதோரம் சிவந்து போனான். ஆனால் சொன்னதைத் திருத்திக்கொள்ளவில்லை.

"காலையில அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் சந்திரமதி, வேலியைப் பார்த்தபடி.

"பரவாயில்ல."

"பரவாயில்லாம இல்ல. தப்பு."

பொன்னம்மா பெட்டியிலிருந்து இறங்க முயன்று காலை மாட்டிக்கொண்டு, "பேசினது போதும், யாராச்சும் ஒரு கை கொடுங்க" என்றாள். இரண்டு பேரும் ஓடினார்கள். இறங்கியவளுடைய முகத்துத் தூசியைச் சந்திரமதி முந்தானையால் துடைத்துவிட்டாள். பொன்னம்மா குழந்தை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இதையே எடு" என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. "குலுக்குது. ஆனா பயமா இல்ல."

கணபதி முன்னூற்றிருபது சொன்னார். சந்திரமதி முன்னூறை எடுத்து நீட்டி, இதுதான் இருக்கிறது என்றாள். அவர் மனைவியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். சீதா வண்டியின் மெத்தையை ஒரு முறை தட்டி நேராக வைத்தாள். வருகிற மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாள் மைக்செட் சும்மா கட்டித் தருவாயா என்று கேட்டாள். இரண்டு நாள் கட்டுகிறேன் என்றாள் சந்திரமதி.

* * *

வீட்டுக்குப் போக வண்டி தயாராக நின்றது. பொன்னம்மா ஏற்கெனவே பெட்டியில் ஏறிவிட்டாள்.

"நான் நடந்து வர்றேன்" என்றாள் சந்திரமதி.

"வண்டி வாங்கினவ நடந்து போனாள்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஏறு."

"அண்ணி, ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வாசல்லதான் இருப்பாங்க."

"இருக்கட்டுமே. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். எவளாவது ஏதாவது கேட்டா என்னைக் கேட்கட்டும்."

சந்திரமதி பின் இருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். இருக்கைக்குக் கீழே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி காஜா பெராங் சாலையில் ஏறியது. முடிதிருத்தும் கடை வாசலில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மளிகைக் கடைக்காரர் தராசைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். கீழே குனிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பெட்டியில் பொன்னம்மா, ஊர்வலத்தில் போகிறவள் மாதிரி, இடமும் வலமும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தாள். சந்திரமதியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. முகத்தில் காற்று அடித்தது. வீடு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் பொன்னம்மா, "விளக்கு வைக்கணும்" என்று உள்ளே போனாள். போகும்போது கருணாகரனைப் பார்த்து, "சொல்லிடு. இன்னைக்கே" என்றாள்.

சந்திரமதி அவன் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்லணுமாம்?"

அவன் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்தான், மூடினான்.

"ஏரோப்ளேன் பார்க்கவா பொன்னம்மா அக்கா என்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டுப் போனாங்க? கம்பி வேலிக்கிட்ட நின்னதும் கேட்டாங்க. 'என் தம்பி பொண்டாட்டி மேல உனக்கு ஆசை இருக்கா'ன்னு."

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"இருக்குன்னு சொன்னேன். அதோட இன்னொண்ணும் சொல்ல வேண்டியதாப் போச்சு. கேட்டுட்டு, 'என்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல, அவகிட்ட சொல்லு. சொல்லாம நீ என் வீட்டு வாசப்படி மிதிக்காதே'ன்னாங்க." அவன் மூடியைக் கெட்டியாகத் திருகினான். "ஊரு நினைக்கிற மாதிரி நான் கல்யாணம் ஆகாதவன் இல்ல சந்திரா."

சாலையில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். அது போகும் வரைக்கும் காத்திருந்தான்.

"பூங்காவனம்னு பேரு. செங்கைத் தாண்டி உள்ளே, ஒரு ரப்பர் தோட்டத்துல. கம்யூனிஸ்ட் சண்டையில அவசரகாலம் போட்ட வருஷம். ஊரடங்கு. வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி கிடைக்கலை. மூணாம் நாள் போயிட்டா."

"பிள்ளை?"

"பொழச்சிடுச்சு." குரல் தணிந்தது. "அதே தோட்டத்துல இருக்கிற எங்க அக்காவுக்குப் பிள்ளை இல்ல. நான் வளர்க்கிறேன், ஆனா என் பிள்ளையாத்தான் வளர்ப்பேன், நீ குறுக்க வரக் கூடாதுன்னு சொன்னா. அப்ப எனக்கு எதுவும் தெரியலை. சரின்னுட்டு இங்க வந்து பட்டறையில சேர்ந்தேன். ஜெயபாலனுக்கு மட்டும் தெரியும். மீனாச்சிக்கு இப்ப ஒன்பது வயசு. என்னைப் பார்த்தா ஓடி வருவா. மாமான்னுதான் கூப்பிடுவா."

சந்திரமதி வண்டியின் மேல் கை வைத்தாள். இஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. காலையில் பார்த்த சிவப்பு வண்டியின் விரிசலை ஒரு காசால் சுரண்டிக் காட்டியவன், இத்தனை வருடம் இதைப் பூசி மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருகிற ஒரு பெண் குழந்தைதான் கண்ணுக்குள் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இவன் என்ன முகத்தோடு நிற்பான்?

"எனக்குப் பதில் சொல்லணும்னு இல்ல" என்றான் கருணாகரன். "தெரியாம இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். முப்பதாம் தேதி ராத்திரி சுதந்திரத்தைப் பார்க்கணும்னு மீனாச்சி ஒத்தைக் கால்ல நிக்கிறா. எங்க அக்கா கூட்டிக்கிட்டு வர்றா. விழாத் திடல்ல நீ அவங்களைப் பார்ப்பே."

அவன் சுவரோரம் சாத்தியிருந்த தன் சைக்கிளை எடுத்தான்.

"இருங்க" என்றாள் சந்திரமதி. "கூட்டம் சேர்ற வரைக்கும் ஒரு மணி நேரம் பாட்டுத்தட்டு போடணும்னு கமிட்டியில சொல்லியிருக்காங்க. அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும்?"

கருணாகரன் ஏதோ ஒரு பாட்டை நினைவுக்குக் கொண்டுவர முயல்வது போல நின்றான்.

"தெரியலை" என்றான் கடைசியில். கண்ணில் நீர் முட்டியது. "கேட்டதே இல்ல சந்திரா."

"கேட்டுட்டு வாங்க. முதல் பாட்டா அதைப் போடறேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். சைக்கிளில் ஏறினான். அவன் தங்கியிருக்கும் அறைக்கு இடது பக்கம் போக வேண்டும். சாலை முனையில் ஒரு காலை ஊன்றிச் சிறிது நேரம் நின்றான். பிறகு வலது பக்கம், செங்குக்குப் போகிற சாலையில் திரும்பினான்.

உள்ளே பொன்னம்மா விளக்கேற்றிவிட்டாள். சந்திரமதி வாசலிலேயே நின்று, அந்தச் சைக்கிள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.